கன்னங்குறிச்சி வீட்டுக்கு மழைமானி: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

மலையடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம், மாடியில் நின்றால் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்த மழை எட்டரை வரை விடவே இல்லை, தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சாய்ந்தே போய்விட்டது. மறுநாள் பேப்பரில் மாவட்ட மழை அளவைப் பார்த்தால் சேலத்துக்கு நேராக ஏதோ தூறல் போட்ட மாதிரி ஒரு எண். சரி, மலையில் எப்படி என்று நாகலூரில் எஸ்டேட் வேலையில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "இங்கே அறுபது சென்ட்டுப்பா" என்றார். நிலம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் நாமே ஒன்று வைத்து அளந்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஆன்லைனில் தேடினால் தரையில் குத்தி வைக்கிற பிளாஸ்டிக் குழாய் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, வீட்டுக்குள் திரையில் எண் காட்டுகிற டிஜிட்டல் சாதனம் ஆயிரக்கணக்கில் போகிறது, நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பாட்டிலை வெட்டிச் செய்தாலே போதும் என்று ஆபீசில் ஒருவர் சொல்கிறார். வைக்க இடம் என்றால் மொட்டை மாடி இருக்கிறது, பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மண் தரையும் இருக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு முருங்கை. பட்ஜெட் இரண்டாயிரத்துக்குள். வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

அம்மாபேட்டையில் மூன்று வருடமாக டிஜிட்டல் வைத்திருக்கிறேன். முதலில் அது வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே சீசா மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள் இருக்கும், ஒன்று நிறைந்தால் கவிழும், அடுத்தது மேலே வரும், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் 0.2 மி.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக என்று எண்ணிக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்குப் பெய்ததா, விடியலில் பெய்ததா, எவ்வளவு வேகத்தில் பெய்தது எல்லாம் தெரிந்துவிடும். அந்த சுகம் வேறு எதிலும் கிடையாது.

ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் ஏழு வினாடிக்கு ஒரு முறை கரண்டி கவிழ வேண்டும், கவிழ்கிற அந்த நேரத்தில் விழுகிற தண்ணீர் கணக்கில் சரியாக ஏறாது, ஆகவே நம்மூர் இடிமழைக்குக் குறைத்துத்தான் காட்டும். அப்புறம் எறும்பு, சிலந்தி, வேப்பம்பூ. போன ஆவணியில் ஒரு மழைக்கு வெறும் 3 மி.மீ. காட்டியது, திறந்து பார்த்தால் புனலின் துளையைச் சிலந்தி வலை அடைத்திருந்தது, தண்ணீர் முழுக்க மேலேயே நிற்கிறது. திரையில் எண் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் இதில் பெரிய ஆபத்து.

வாங்கினால் முதல் நாளே சோதியுங்கள். வாயின் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் 100 மில்லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் ஊற்றுங்கள், 10 மி.மீ. காட்ட வேண்டும். என்னுடையது 8.6 காட்டியது. அதிலிருந்து பக்கத்தில் சாதாரணமாக ஒன்றையும் வைத்துக்கொண்டேன், மொத்த அளவுக்கு அதைத்தான் நம்புகிறேன்.

பழைய ரைட்டர்:

தம்பி, சித்தப்பாவைக் கிண்டல் செய்ய வேண்டாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் முப்பது வருடம் ரைட்டராக இருந்தவன், காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்கு முன்னால் மழைக் கணக்குதான் எழுதுவேன். ஒரு அங்குலத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். நூறு சென்ட் என்றால் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. மனக்கணக்குக்கு சென்ட்டை நாலால் வகுத்துவிடுங்கள், சித்தப்பாவின் அறுபது சென்ட் பதினைந்து மி.மீ. அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், துரைமார் போனாலும் சென்ட் போகவில்லை.

காப்பிக்காரனுக்கு இந்தக் கணக்கு பொழுதுபோக்கு இல்லை. பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் மொட்டு விரியும், அதைப் பூ மழை என்போம். ஓர் அங்குலம் கிடைத்தால் ஒன்பது பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும், மல்லிகை மாதிரி வாசம். அரைகுறையாகப் பெய்தால் மொட்டு பாதி விரிந்து பாழாகும். அதனால் அன்றைக்கு எண்பது சென்ட்டா முப்பது சென்ட்டா என்பதில் ஒரு வருட வருமானமே இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு சரிவுதான், அங்கே நூறு, இங்கே இருபது என்று ஆன நாட்களும் உண்டு. பேப்பரில் சேலம் என்று போடுவது ஒரே ஓர் இடத்தில் இருக்கிற மானியின் அளவு, அது கன்னங்குறிச்சிக்குப் பொய் சொல்லவில்லை, அது கன்னங்குறிச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொன்று, உங்கள் தெருவில் ஓடிய தண்ணீர் எல்லாம் உங்கள் தெருவில் பெய்தது என்று நினைக்காதீர்கள். மலைச்சரிவில் விழுகிறதெல்லாம் அந்தப் பக்கமாக இறங்கித்தானே மூக்கனேரிக்குப் போக வேண்டும்.

எதை வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பதற்கு நேரம் செலவழியுங்கள். நாங்கள் வைத்திருந்தது சைமன்ஸ் மானி, வாய் ஐந்து அங்குல விட்டம், உள்ளே பாட்டில், விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம். அதற்கும் கீழே வைத்தால் மண்ணில் விழுந்த சொட்டு தெறித்து உள்ளே போகும், ரொம்ப மேலே வைத்தால் காற்று சொட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சுற்றி இருக்கிற மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும், நாலு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. விளிம்பு ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் மட்டமாக இருக்க வேண்டும். மலையில் சரிவான தரையில் அப்படியே சாய்த்து நட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். முருங்கைக்குக் கீழே மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் சில்வர் ஓக் அடியில் ஒருவர் வைத்திருந்தார், மழையே இல்லாத பனிமூட்ட நாளிலும் தினம் ஐந்து சென்ட் எழுதிக்கொண்டிருந்தார். இலை சொட்டுகிற தண்ணீரைத்தான் அளந்திருக்கிறார் மனிதர்.

வாழப்பாடி தோட்டம்:

எல்லாம் சரிங்க, இவ்வளவு கருவி எதற்கு? எங்கள் அப்பா மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்ப்பார், ஈரம் ஒரு சாண் இறங்கியிருந்தால் "உழவு மழை பெஞ்சிருச்சு" என்று ஏரைப் பூட்டிவிடுவார். இருபது மி.மீ. அரை மணியில் பெய்தால் பாதி ஓடையில் போய்விடும், அதே இருபது ராத்திரி முழுக்க நசநசவென்று பெய்தால் மரவள்ளி வேர் வரைக்கும் போகும். உங்கள் பாட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தானே சொல்லும்?

டிவியில் கனமழை என்று சொன்னால் எங்கள் ஊரில் குடை விரிக்கக்கூட மாட்டோம், அதையும் யாராவது விளக்குங்கள்.

மொட்டைமாடி:

அண்ணா சொல்வது நியாயம், அதனால்தான் வேகம் தெரிகிற டிஜிட்டலும் வேண்டும் என்றேன். கனமழைக்கு வானிலைத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால்தான் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் போனால் அதிகனமழை. நாம் "பேய் மழை" என்று சொல்கிற பல சாயங்கால மழைகள் அளந்து பார்த்தால் முப்பது நாற்பதில் நிற்கும், அவர்கள் கணக்கில் அது மிதமான மழை. டிவி முன்னறிவிப்பு மாவட்டத்தில் ஓரிரு இடங்களுக்கு என்று சொல்லும், அந்த ஓரிரு இடம் வாழப்பாடியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

டீச்சர்:

பாட்டிலில் செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, பள்ளியில் பிள்ளைகளோடு எட்டு ஒன்பது செய்திருக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன். எல்லோரும் செய்கிற தப்பு, குளிர்பான பாட்டிலை வெட்டி, மேல் பாதியைக் கவிழ்த்துப் புனலாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டிப் படிப்பது. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது, நடுவில் இடுப்பு குறுகுகிறது, அந்த ஸ்கேல் காட்டுவது மழை அளவே இல்லை.

ஸ்கேலை விட்டுவிடுங்கள், மில்லி கணக்குக்கு வாருங்கள். புனலின் வாய் விட்டத்தை உள்பக்கமாக செ.மீ. கணக்கில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 0.0785ஆல் பெருக்குங்கள். ஒரு மி.மீ. மழைக்கு எத்தனை மில்லி சேரும் என்று வந்துவிடும். 11.3 செ.மீ. வாய் கிடைத்தால் அதிர்ஷ்டம், சரியாக 10 மில்லிக்கு 1 மி.மீ., வகுத்தல் கணக்கே தேவையில்லை. கீழே எந்த உருவத்தில் பாட்டில் இருந்தாலும் கவலை இல்லை, காலையில் எடுத்து மெடிக்கல் கடை சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தால் போதும். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு கேளுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

சமையலறைப் புனல் ஆழம் இல்லாதது, பெரிய சொட்டு விழுந்தால் வெளியே தெறிக்கும். நாலு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு வாங்கிப் புனல் மேல் நிறுத்தி எம்சீல் வைத்து ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு அளக்க வேண்டியது குழாயின் உள்விட்டம், புனலுடையது இல்லை. பாட்டிலை வெயில் படாமல் ஒரு பழைய பெயின்ட் டப்பாவுக்குள் வையுங்கள், சேலத்து வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிக் கணக்கில் ஓட்டை விழும். தினமும் கொட்டிவிட வேண்டும், பெய்யாவிட்டாலும் பார்க்க வேண்டும். டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

மேலே ரைட்டர் ஐயா சொன்ன சைமன்ஸ் என்பவர் பிரிட்டனில் 1860 வாக்கில் மழைக் கணக்குச் சேர்க்கிற இந்த வேலையை ஆரம்பித்தபோது அவருக்குக் கணக்கு அனுப்பியதெல்லாம் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான். வேலை ஒன்றும் பெரிதில்லை, ஒரு நாளும் விடாமல் செய்வதுதான் பெரிது.

பழைய ரைட்டர்:

டீச்சரம்மா சொன்ன மில்லிக் கணக்கை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை, பாட்டில் தண்ணீரை ஊற்றி மழை அளவைப் படிக்கிற அளவு கண்ணாடி உடைந்துவிட்டது, அவசரத்துக்கு வேறு இடத்திலிருந்து ஒன்று வாங்கி வந்தார்கள். அது 200 சதுர செ.மீ. வாய் உள்ள மானிக்கான கண்ணாடி, எங்களுடையது ஐந்து அங்குல வாய். உண்மையில் நூறு பெய்தால் கண்ணாடி அறுபத்து மூன்று என்று காட்டும். ஒரு ஐப்பசி முழுக்க அப்படியே எழுதினோம், "இந்த வருஷம் மழை கம்மி" என்று பேசிக்கொண்டே. ஓடையில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, நோட்டில் மழை கம்மி.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் கையால் செய்து பார்க்கிறேன், ஒரு வருடம் விடாமல் எழுதினால்தான் டிஜிட்டல் என்று வீட்டில் உத்தரவு. செவ்வாய்பேட்டையில் ஸ்கேலோடு போய்ப் புனல் கடையில் ஒவ்வொன்றாக வாயை அளந்தேன், மூன்றாவது புனலில் கடைக்காரர் "என்ன சார் ஆராய்ச்சி?" என்று கேட்டுவிட்டார். நல்ல ஆழமான புனல் ஒன்று 11.5 செ.மீ. வாயோடு கிடைத்தது, கணக்குப் போட்டால் 10.4 மில்லிக்கு 1 மி.மீ. வருகிறது. ஆழம் இருப்பதால் இப்போதைக்குக் குழாய்த் துண்டு ஒட்டவில்லை. இரண்டு லிட்டர் பாட்டில், 190 மி.மீ. வரை தாங்கும்.

இடம்தான் பிரச்சினை. பின்பக்க மண் தரையில் எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் முருங்கை, இரண்டு மடங்கு தூரம் என்றால் அடுத்த வீட்டுக்குள் போக வேண்டும். மொட்டை மாடி நடுவில் வைத்தால் தப்பா? இன்னொரு சந்தேகம், ராத்திரி பத்து மணிக்கு மழை விட்டதும் அளந்தால் எந்தத் தேதியில் எழுதுவது?

பழைய ரைட்டர்:

ராத்திரி அளக்காதீர்கள். காலை எட்டரை மணி, அதுதான் நேரம். வானிலைத் துறையும் நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்ததை இன்றைய தேதியில்தான் போடுகிறது. நீங்கள் நேற்று ராத்திரி மழையை நேற்றைய தேதியில் எழுதினால் பேப்பரோடு ஒரு நாளும் ஒத்துப் போகாது, அப்புறம் பேப்பர்காரனைத் திட்டுவீர்கள். பெருமழை கொட்டிப் பாட்டில் நிறைந்துவிடும் என்று தோன்றினால் மட்டும் நடுவில் அளந்து கொட்டி, காலை அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மாடி அவ்வளவு நல்ல இடம் இல்லை, காற்றடித்தால் குறைத்துத்தான் பிடிக்கும். ஆனால் சுவருக்கும் முருங்கைக்கும் நடுவே மாட்டிக்கொள்வதைவிட மேல். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி இரண்டுக்கும் தள்ளி நடுவில் வையுங்கள், நாலு செங்கல்லை நிறுத்தி டப்பா ஆடாமல் பாருங்கள். வைத்த இடத்தை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றாதீர்கள். கொஞ்சம் குறையுள்ள இடமாக இருந்தாலும் ஒரே இடத்தில் இருந்தால் இந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் ஒப்பிடலாம்.

வாழப்பாடி தோட்டம்:

முருங்கையை வெட்டச் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

போகட்டும், நானும் ஒன்று செய்து வைத்துவிட்டேன், யாரும் சிரிக்க வேண்டாம். மகன் கணக்குப் போட்டுக் காட்டினான், ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அப்படியானால் ஒரு ஏக்கருக்கு 10 மி.மீ. பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். ஐந்தாயிரம் லிட்டர் டேங்கர் எட்டு. அதைக் கேட்டதும் அன்றைக்கு மோட்டார் போட மனசு வரவில்லை. இருந்தாலும் மண்ணையும் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

மலையடிவாரம்:

மூன்று வாரக் கணக்கு. பதினொரு நாள் ஏதோ ஒரு அளவு கிடைத்தது, அதில் 2.5 மி.மீ.க்கு மேல் ஏழு நாள். அதிகம் 38 மி.மீ., அன்றும் தெருவில் முழங்கால் தண்ணீர், அப்படியானால் முழங்கால் தண்ணீருக்கு எங்கள் சாக்கடைதான் பொறுப்பு, வானம் இல்லை. அதே நாள் நாகலூரில் சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு சென்ட், வெறும் ஐந்தரை மி.மீ. மலைக்குத்தான் எப்போதும் அதிகம் பெய்யும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அன்றைக்குக் கோபம், "உன் பாட்டிலைச் சரியாப் பாரு" என்றார். இப்போது தினமும் எட்டரைக்கு அவரே போன் செய்கிறார், நான் மி.மீ. சொல்கிறேன், அவர் சென்ட் சொல்கிறார், நடுவில் என் மகள் நாலால் வகுக்கிறாள்.

இன்று காலை மட்டும் ஒரு சிக்கல். ராத்திரி நல்ல மழை, எழுந்து போனால் குரங்கு வந்து டப்பாவைக் கவிழ்த்திருக்கிறது, பாட்டில் காலி. பேப்பரில் வருகிற சேலம் அளவை எடுத்து எழுதிவிடலாமா, இல்லை பூஜ்யமா?

பழைய ரைட்டர்:

இரண்டும் வேண்டாம். பூஜ்யம் போட்டால் பெய்யவில்லை என்று ஆகிவிடும். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "குரங்கு" என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த தடவைக்கு டப்பாவைச் சுற்றிக் கம்பி கட்டிவிடுங்கள், ஆனால் கம்பி விளிம்புக்கு மேலே வரக் கூடாது.

மலையடிவாரம்:

கோடு போட்டாச்சு ஐயா. புனல் மட்டும் எதிர்வீட்டு ஓட்டின் மேல் கிடக்கிறது, எட்டரைக்குள் எடுக்க ஏணி தேடிக்கொண்டிருக்கிறேன்.